இறைச்சி ஆடா, குர்பானி ஆடா?

பினாங்கு ஜெலுத்தோங்கிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வி இது. இந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அவர் தம் சம்பளத்தில் இரண்டு பங்குக்குப் பணம் கட்டியிருக்கிறார். ஒன்று வீட்டுக்குப் பக்கத்துச் சூராவில் (சிறிய தொழுகைக்கூடம்) அறுக்கும் மாட்டில். மற்றது, வெளிநாட்டில் அறுத்து அங்குள்ள ஏழைகளுக்கே கொடுத்துவிடும் ஏற்பாட்டில், கைப்பேசி வழியாக. சூராவ் படிவத்தில் கணவர் தம் பெயரை எழுதிவிட்டார். வெளிநாட்டுப் பங்கு, போன வருஷம் மவுத்தான (இறந்துபோன) அத்தாவின், அதாவது தந்தையின், பெயரில். கூட வேலை பார்க்கும் மலாய்த் தோழி, "வாயால் நிய்யத் (எண்ணம்) சொல்லாமல் பணத்தை மட்டும் அனுப்பினால் கொர்பான் (குர்பானி) ஆகாதே" என்று சொல்லிவிட, இவருக்கு மனசு கலங்கிவிட்டது. போதாததற்கு, அதே மாட்டில் ஒரு பங்கு எடுத்திருக்கும் கொழுந்தன், மகள் நிச்சயதார்த்த விருந்துக்கு இறைச்சி வேண்டித்தான் சேர்ந்தேன் என்கிறார். "இதில் எது கூடும், எது கூடாது? என் நிய்யத் எங்கேதான் இருக்கிறது?" என்று முடித்திருக்கிறார்.

சகோதரி, நான் தமிழ்நாட்டு மதரஸா ஒன்றில் ஓதிவிட்டு வந்து, பினாங்கில் முப்பது பெருநாளாகப் பெயர் எழுதிப் பங்கு பிரித்துக் கொடுத்தவன். மாட்டின் வயதையும் பல்லையும் எடையையும் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. நிய்யத்தைப் பற்றிக் கேட்டு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நீங்கள் கேட்டது எனக்கு மிகவும் சந்தோஷம். பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் பராஉ இப்னு ஆஸிப் (ரலி) அறிவிக்கும் ஒரு ஹதீஸிலிருந்து தொடங்குகிறேன். அவருடைய தாய்மாமன் அபூ புர்தா (ரலி). பெருநாள் காலையில் தம் வீட்டு ஆடுதான் முதலில் அறுபடவேண்டும் என்று ஆசைப்பட்டு, தொழுகைக்கு முன்பே அறுத்து, தானும் சாப்பிட்டு, குடும்பத்துக்கும் அண்டை வீட்டாருக்கும் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கு வருகிறார். தொழுகைக்கு முன் அறுத்தது குர்பானி ஆகாது என்று ரஸூலுல்லாஹ், நபிகள் (ஸல்), குத்பா உரையில் சொன்னதைக் கேட்டதும் எழுந்து நடந்ததைச் சொல்கிறார். வந்த பதில்: "ஷாத்துக ஷாத்து லஹ்ம்." உம்முடைய ஆடு, இறைச்சி ஆடு.

எனக்கு இந்தச் சொல் மீது தனிப் பிரியம் உண்டு. அதில் கண்டிப்பு இருக்கிறது, கடுமை இல்லை. அந்த ஆடு ஹராம் ஆகவில்லை, வீணாகவும் இல்லை. அவரும் சாப்பிட்டார், பக்கத்து வீட்டாரும் சாப்பிட்டார்கள். ஆனால் அது இறைச்சிதான், குர்பானி அல்ல. அபூ புர்தாவின் நிய்யத்தில் குறை காண முடியுமா? அண்டை வீட்டாருக்கு முதலில் கொடுக்கவேண்டும் என்ற மனசு நல்ல மனசுதானே? ஆனாலும் நேரம் தவறியதால் அந்த நல்ல மனசு அவருடைய ஆட்டைக் குர்பானியாக மாற்றவில்லை. "நிய்யத் நல்லதுதானே, மற்றதெல்லாம் அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று நம்மில் பலர் சொல்கிறோமே, அவர்கள் இந்த ஹதீஸை ஒருமுறை படிக்கவேண்டும். அவரிடம் இன்னொரு வெள்ளாட்டுக் குட்டி இருந்தது, வயது போதாதது. அதை அறுத்தால் நிறைவேறுமா என்று கேட்டார். உமக்கு மட்டும் கூடும், உமக்குப் பிறகு யாருக்கும் கூடாது என்று அனுமதி கிடைத்தது.

நிய்யத் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்கும் இதே சொல்தான் விடை. பெருநாளன்று, தொழுகைக்குப் பிறகு, வயது நிறைந்த, ஊனமில்லாத மாட்டைப் பிஸ்மி சொல்லி அறுக்கிறோம். குர்பானி என்ற நினைப்பு யாருக்கும் இல்லை. அதுவும் இறைச்சி மாடுதான். அறுக்கிறவர் அதே ஆள், கத்தி அதே கத்தி, தக்பீரும் அதே தக்பீர். முந்தின நாள் நாசி கண்டார் சோற்றுக்கடைக்கு அறுத்ததற்கும் இன்றைக்கு அறுத்ததற்கும் வெளியில் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. இரண்டையும் பிரிப்பது உள்ளத்தில் இருக்கும் ஒன்றே ஒன்றுதான்.

பிஸ்மியையும் நிய்யத்தையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்கிறோம். அல்லாஹ்வின் பெயர் சொல்வது அறுப்புக்கு உரியது, இறைச்சியைச் சாப்பிடலாமா என்பதோடு சேர்ந்தது. வேண்டுமென்றே பிஸ்மியை விட்டால் ஹனஃபி மத்ஹபில் (மார்க்கச் சட்ட வழியில்) அந்த இறைச்சி ஹராம். இன்னொரு மத்ஹபான ஷாஃபிஈயில் பிஸ்மி சுன்னத், அதாவது செய்தால் நன்மை, கட்டாயமில்லை. நிய்யத் வணக்கத்துக்கு உரியது. இது என்ன காரியம், யாருக்காக என்பதை அது சொல்கிறது. அறுக்கிறவர் பிஸ்மி சொல்லிவிட்டதாலேயே உங்கள் குர்பானி நிறைவேறிவிடாது. உங்கள் நிய்யத் அவருக்குத் தெரியாமல் போனதால் அது முறிந்தும் போகாது.

ஹஜ் அத்தியாயத்தின் 37ஆம் வசனத்தை எல்லா மேடையிலும் ஓதுகிறார்கள்: அவற்றின் இறைச்சியோ இரத்தமோ அல்லாஹ்வை அடைவதில்லை, உங்களிடமிருந்து அவனை அடைவது தக்வா, இறையச்சம்தான். இஸ்லாத்துக்கு முன்பு அரபுகள் அறுத்த பிராணியின் இரத்தத்தைக் கஅபாவின் மீது பூசிய வழக்கத்தோடு இதைச் சேர்த்து விரிவுரைகள் பேசுகின்றன. இரத்தம் போய்ச் சேருகிறது என்று அவர்கள் நினைத்தார்கள். போய்ச் சேருவது வேறு என்று குர்ஆன் சொன்னது. அதற்காக அறுப்பதே தேவையில்லை, மனசு இருந்தால் போதும் என்று இந்த வசனத்துக்குப் பொருள் சொல்வது தவறு. அதற்கு முந்தின வசனம் அந்த இறைச்சியைச் சாப்பிடுங்கள், இருப்பதைக் கொண்டு திருப்தி அடைபவருக்கும் கேட்டு வருபவருக்கும் கொடுங்கள் என்கிறது. இரண்டையும் சேர்த்தே ஓதவேண்டும்.

இனி உங்கள் தோழி சொன்னதற்கு வருகிறேன். நிய்யத்தின் இடம் உள்ளம். நாவால் மொழிவது நிபந்தனை அல்ல. இந்த நாட்டில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபில், உள்ளத்துக்குத் துணையாக நாவும் சொல்வதை நல்லது என்று வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அறுக்கும் நேரத்தில் நிய்யத் இருக்கலாம். அதற்கு முன்பு, இந்தப் பிராணி என்று ஒதுக்கும்போதோ, பொறுப்பை வக்கீலிடம் (நம் சார்பில் அறுப்பை நடத்துபவரிடம்) ஒப்படைக்கும்போதோ இருந்தாலும் போதும் என்பதே மத்ஹபில் வலுவான சொல். அறுக்கிறவருக்கு இது குர்பானி என்று தெரிந்திருக்கவேண்டும் என்றுகூட இல்லை. நிய்யத்தையே ஒரு முஸ்லிமான வக்கீலிடம் ஒப்படைக்கவும் செய்யலாம். கைப்பேசியில் பணம் அனுப்பியபோது "இது என் குர்பானிக்கு" என்று உங்கள் உள்ளம் தெளிவாக இருந்ததா? இருந்தது என்றால் நிய்யத் வந்துவிட்டது. தோழி சொன்னதும் அவ்வளவு பெரிய பிழையல்ல. இங்கே சூராவுகளில் வரிசையாக உட்கார வைத்து, வக்கீலின் கையைப் பிடித்து ஒப்படைக்க வைக்கிறார்களே, அந்த வழக்கத்தைப் பார்த்து வளர்ந்தவர் அவர். அது அழகான வழக்கம். கடமை என்று நினைப்பதுதான் பிழை.

அப்படி ஒப்படைக்கும்போது சொல்ல வைக்கும் மலாய் வாசகத்தில் ஒரு சொல்லை மட்டும் கவனியுங்கள். 'சுனாட்' என்று சேர்த்துத்தான் சொல்ல வைப்பார்கள். 'சுன்னத்தான குர்பானியை நிறைவேற்றுகிறேன்.' அது சும்மா ஒட்டிக்கொண்ட சொல் அல்ல. எங்கள் வாப்பா மரைக்காயர் வழி, ஷாஃபிஈ. நான் சிறுவனாக இருந்தபோது பெருநாளுக்கு ஒரு மாதம் முன்பே கிடா வாங்கிக் கட்டுவார். வருகிறவர்கள், "குர்பானி ஆடா முதலாளி?" என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லமாட்டார். "பெருநாளைக்கு வாங்கினது" என்பார், ஒவ்வொரு முறையும் அதே வார்த்தை. ஏன் இப்படிச் சுற்றி வளைத்துப் பேசுகிறார் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. மதரஸாவில் ஃபிக்ஹ் (மார்க்கச் சட்டம்) பாடத்தில் அந்தப் பக்கம் வந்த அன்றைக்கு வாப்பாவின் முகம்தான் கண்முன் நின்றது. "இந்த ஆட்டை உள்ஹிய்யா (குர்பானி) ஆக்கிவிட்டேன்" என்று வாயால் சொல்லிவிட்டால் ஷாஃபிஈயில் அது நேர்ச்சை போல வாஜிபாகிவிடும், கட்டாயக் கடமையாகிவிடும். பிறகு கொடுத்தவரோ, அவர் செலவில் வாழும் குடும்பமோ அதில் ஒரு துண்டும் சாப்பிட முடியாது. முழுவதும் ஏழைகளுக்கு. வாப்பா எங்களுக்காகத்தான் அப்படி நாவைக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

பின்னால் வந்த அறிஞர்கள் சிலர் இதில் பாமர மக்களுக்கு இடம் கொடுத்தார்கள். கேட்டவருக்குத் தகவலாகச் சொன்னதை, சுன்னத்தான நிய்யத் உள்ளவரின் மேல் நேர்ச்சையாக ஏற்றவேண்டாம் என்றார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. ஆனாலும் பேச்சில் கவனம் நல்லது. ஹனஃபியில் இதற்கு வேறொரு முகம் உண்டு. கடமையே இல்லாத ஏழை ஒருவர் குர்பானி நிய்யத்தில் ஆடு வாங்கினால், வாங்கியதாலேயே அந்த ஆடு அவர்மேல் கட்டாயமாகிவிடும். வசதியுள்ளவர் வேறு ஆட்டை மாற்றிக்கொள்ளலாம். ஒரு மத்ஹபில் சொல் கட்டிப்போடுகிறது, மற்றதில் கொள்முதல் கட்டிப்போடுகிறது.

படிவத்தில் கணவரின் பெயர். இதுதான் உங்கள் கேள்வியிலேயே முக்கியமான இடம் என்று நினைக்கிறேன், நீங்களோ போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். பணம் உங்களுடையது. அதை அவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்து, அவர் தமக்காக நிய்யத் செய்தால் அது அவருடைய குர்பானி. நன்மையில் வீட்டார் எல்லாருக்கும் பங்கு உண்டு. ஷாஃபிஈயில் குர்பானி வலியுறுத்தப்பட்ட சுன்னத், வீட்டில் ஒருவர் கொடுத்தால் மற்றவர்கள் மேல் குறை நிற்காது. ஆனால் நீங்கள் அத்தா என்று எழுதுகிறீர்கள். ராவுத்தர் வீடாக இருந்தால் உங்கள் குடும்பம் ஹனஃபி வழியாக இருக்கலாம். ஹனஃபியில் குர்பானி வாஜிப், ஆணோ பெண்ணோ அவரவர் மேல் தனித்தனியாக. கடனும் அவசியத் தேவைகளும் போக 612.36 கிராம் வெள்ளியின் மதிப்புக்கு (நம் ஊர் வெள்ளிக் காசைச் சொல்லவில்லை, உலோகத்தை) உங்கள் கையில் நகையோ பணமோ இருந்தால் உங்கள் குர்பானி உங்கள் மேல்தான். கணவர் பெயரில் அறுத்தது அதைத் தீர்க்காது. இந்த விஷயத்தில் நம் பெண்களுக்கு அநியாயம் நடக்கிறது. அவர்கள் சம்பாதித்ததில், அவர்கள் நகையை அடகு வைத்ததில்கூட வாங்கிய மாட்டில், பெயர் எழுதும்போது வீட்டு ஆணின் பெயர்தான் தானாக வருகிறது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. பேனா பழகிவிட்டது. நான் பெயர் எழுதிய காலத்தில் பணம் யாருடையது, நிய்யத் யாருக்கு என்று இரண்டையும் கேட்பேன். சிலர் முகம் சுளித்தார்கள், ஆனாலும் கேட்டேன். வக்கீல் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் இன்னாருக்காக என்று நிய்யத் செய்கிறார். பட்டியல் சரியாக இருக்கவேண்டும்.

அத்தாவுக்கான பங்கு. ஷாஃபிஈயின் வலுவான சொல்லின்படி, உயிரோடு இருப்பவருக்காக அவர் அனுமதி இல்லாமலும், மவுத்தானவருக்காக அவர் வஸிய்யத் (இறப்புக்கு முன் சொல்லிவைப்பது) செய்யாமலும் குர்பானி கொடுத்தால் நிறைவேறாது. நிய்யத் உரியவருடையது, அவர் ஒப்படைத்தால்தான் இன்னொருவர் கைக்கு வரும் என்பது அடிப்படை. வஸிய்யத் செய்திருந்தால் கூடும், இறைச்சி முழுவதும் தர்மம். வஸிய்யத் இல்லாமலும் கூடும் என்று சொன்னவர்கள் மத்ஹபுக்குள்ளேயே இருக்கிறார்கள், அதை ஸதகாவாகக் கணக்கிட்டார்கள். ஹனஃபியில் தாராளமாகக் கூடும், நன்மையை அவருக்குச் சேர்க்கலாம்.

உங்களுக்கு நான் சொல்வது இது. உங்கள் குர்பானியை உங்களுக்காகவே கொடுங்கள், அறுபடும்போது அதன் நன்மையில் அத்தாவைச் சேர்த்து துஆ செய்யுங்கள். இதில் எந்த மத்ஹபோடும் உரசல் இல்லை. ஆயிஷா (ரலி) அறிவிப்பதாக முஸ்லிமில் வருகிறது: ரஸூலுல்லாஹ் (ஸல்) கொம்புள்ள கிடாவை அறுக்கும்போது, "யா அல்லாஹ், முஹம்மதிடமிருந்தும், முஹம்மதின் குடும்பத்தாரிடமிருந்தும், முஹம்மதின் உம்மத்திடமிருந்தும் ஏற்றுக்கொள்" என்றார்கள். ஒரே ஒரு கிடா. உம்மத் என்றபோது அன்றைக்குள் மவுத்தாகிவிட்டவர்களும், இனிமேல் பிறக்கப்போகிற நீங்களும் உங்கள் அத்தாவும் அதற்குள் அடக்கம். இதை முதன்முதலில் யோசித்துப் பார்த்த நாளில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கொழுந்தனின் பங்குக்கு வருவோம். ஏழு பேர் ஒரு மாட்டில் சேர்வது ஹுதைபிய்யாவில் நடந்தது, ஜாபிர் (ரலி) சொல்கிறார்கள். ஏழு பேரில் ஒருவருக்கு இறைச்சி மட்டும்தான் வேண்டும் என்றால்? மற்ற ஆறு பேருக்கும் ஒன்றும் ஆகாது, அவரவர் நிய்யத் அவரவருக்கு என்பது ஷாஃபிஈ. ஷாஃபிஈ அறிஞர் இமாம் நவவி தெளிவாக எழுதியிருக்கிறார். ஹனஃபியிலோ ஏழு பேரும் அல்லாஹ்வின் நெருக்கத்தை நாடியிருக்கவேண்டும். ஒருவருக்குக் குர்பானி, இன்னொருவருக்கு அகீகா (குழந்தை பிறந்ததற்கு அறுப்பது) என்று வகை மாறலாம். ஒருவர் வெறும் இறைச்சியை நாடினால் ஏழு பங்கும் போயிற்று. உயிர் ஒன்று, அறுப்பு ஒன்று, அதில் ஒரு துண்டை மட்டும் வணக்கத்திலிருந்து வெட்டி எடுக்க முடியாது என்பது அவர்கள் பார்வை.

இது ஏட்டோடு நிற்கும் விவகாரம் அல்ல. பல வருஷத்துக்கு முன் எங்கள் பட்டியலில் ஒரு மாட்டுக்கு நான்கு ராவுத்தர்மார், இரண்டு மரைக்காயர், ஏழாவதாகச் சாப்பாட்டுக்கடை நடத்தும் ஒருவர். அவர் பங்கு கடைக்குழம்புக்கு என்று அறுப்பதற்கு முந்தின இரவு தெரியவந்தது. ராவுத்தர்மார் நிலைகொள்ளாமல் போனார்கள். அவர்களுக்கு அது நான்கு வாஜிபு. வயதான ஹழ்ரத் ஒருவர் இருந்தார். கடைக்காரரைத் தனியாகத் திண்ணைக்கு அழைத்துப்போய் வெகுநேரம் பேசினார். குர்பானி இறைச்சியை விற்கவே கூடாது என்பதும் அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. கடைக்கு வேண்டியதை வேறு மாட்டில் வாங்கிக்கொண்டு, இந்தப் பங்கை உண்மையான குர்பானியாக வைத்துக்கொண்டார். மறுநாள் கயிற்றைப் பிடித்தவரும் அவர்தான்.

உங்கள் கொழுந்தனிடமும் அப்படித்தான் பேசவேண்டும். அவர் விருந்தை விடவேண்டியதில்லை. குர்பானி என்று நிய்யத்தை வைத்து, ஏழைகளுக்குரியதைப் பச்சை இறைச்சியாகக் கொடுத்துவிட்டு, மீதியில் விருந்து சமைக்கலாம். சுன்னத்தான குர்பானியில் விருந்தாளிக்குப் போடுவதும் நன்மைதான். சட்டியில் வேகும் இறைச்சி அதேதான். மாறவேண்டியது அவர் உள்ளத்தில் இருக்கும் வரிசை மட்டும்.

இதோடு ஒட்டிய இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பினாங்கில் அடிக்கடி வரும் பேச்சு என்பதால். சூலியா தெருவில் நாகூர் தர்கா இருக்கிறது, கந்தூரி நடக்கிறது. "நாகூராருக்கு ஆடு நேர்ந்துகிட்டேன்" என்பார்கள். அல்லாஹ் அல்லாதவருக்காக அறுப்பவனை அல்லாஹ் சபிக்கிறான் என்ற ஹதீஸுக்கு விளக்கம் எழுதும்போது இமாம் நவவி ஒரு பழைய வழக்கைச் சொல்கிறார். சுல்தான் ஊருக்குள் வரும்போது மக்கள் பிராணிகளை அறுப்பார்கள். புகாரா நாட்டு அறிஞர்கள் அதை ஹராம் என்றார்கள். ஷாஃபிஈ அறிஞர் ராஃபிஈயோ, குழந்தை பிறந்தால் அகீகா கொடுப்பதுபோல, வந்த சந்தோஷத்தில் அறுக்கிறார்கள், அதனால் ஹராம் ஆகாது என்றார். அறுப்பு ஒன்றே. யாரை நாடி என்பதில்தான் தீர்ப்பு பிரிகிறது. அல்லாஹ்வுக்காக அறுத்து, ஏழைகளுக்குச் சமைத்துப் போட்டு, அதன் நன்மையை ஒரு வலிக்கு, அதாவது இறைநேசருக்கு, சேர்ப்பது ஒன்று. அந்த வலியையே நாடி, அவரை வணங்கி அறுப்பது முற்றிலும் வேறு, அது ஈமானையே கெடுத்துவிடும். நம் பாட்டிமார் அந்தச் சொல்லைச் சொன்னபோது முதல் பொருளில்தான் சொன்னார்கள் என்று நம்புகிறேன். ஆனால் பேரப்பிள்ளைக்கு அந்தச் சொல் மட்டும்தான் போய்ச் சேருகிறது, உள்ளே இருந்த பொருள் போய்ச் சேர்வதில்லை. அதனால் வீட்டில் "அல்லாஹ்வுக்காக" என்பதை வாய்விட்டே சொல்லிப் பழக்குங்கள்.

நிய்யத் என்றால் என்ன காரியம் என்று குறிப்பது ஒரு பாதி, யாரை நாடி என்பது மறுபாதி. முதல் பாதியைப் படிவத்தில் எழுதலாம். இரண்டாவதை எந்தப் படிவமும் பிடிக்காது. அபூ அய்யூப் அன்ஸாரி (ரலி) சொன்னதைத் திர்மிதி பதிவு செய்திருக்கிறார்: ரஸூலுல்லாஹ்வின் காலத்தில் ஒருவர் தமக்கும் தம் வீட்டாருக்கும் சேர்த்து ஓர் ஆடு அறுப்பார், சாப்பிடுவார்கள், கொடுப்பார்கள். பிறகு மக்கள் பெருமையடிக்கத் தொடங்கினார்கள், இப்போது நீர் பார்க்கிறபடி ஆகிவிட்டது. இதை அவர் சொன்னது நபித்தோழர்கள் வாழ்ந்துகொண்டிருந்த காலத்திலேயே. மாட்டின் பக்கத்தில் நின்று படம் எடுத்துப் போடுவதற்கு முன்னால் இதை நினைத்துக்கொள்ளலாம். இன்னொரு பக்கமும் இருக்கிறது: அபூபக்ரும் உமரும் (ரலி) சில சமயம் குர்பானி கொடுக்காமலே இருந்தார்கள், மக்கள் அதைக் கட்டாயம் என்று நினைத்துவிடுவார்களோ என்ற கவலையில். பக்கத்து வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று கடன் வாங்கிப் பங்கு எடுப்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன்.

வெளிநாட்டுப் பங்கு கூடும் என்றே நம் நாட்டில் நடைமுறை. எனக்கு அதில் ஒரே ஒரு வருத்தம், பிராணியைப் பார்க்காமல், அறுக்கும் இடத்தில் நிற்காமல், ஒரு துண்டும் ருசிக்காமல் முடிந்துவிடுகிறது. உங்களுக்கு இங்கே ஒன்று இருப்பதால் மனநிறைவு. சூராவில் பெண்கள் நின்று பார்க்க இடம் விட்டிருந்தால் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

இப்போது செய்யவேண்டியது இரண்டு. சூராவ் பங்கு உங்களுக்கா கணவருக்கா என்று இரண்டு பேரும் உட்கார்ந்து முடிவு செய்து பெயரைத் திருத்துங்கள். வெளிநாட்டு ஏற்பாட்டுக்காரர்களுக்கு எழுதி, அத்தா வஸிய்யத் செய்யவில்லை என்றால் அந்தப் பங்கை உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். பெயர்ப் பட்டியலைப் பெருநாளுக்கு இரண்டு மூன்று நாள் முன்பே மூடிவிடுவார்கள், அதனால் இன்றைக்கு மஃரிபுக்குக் கணவர் சூராவ் போகும்போதே சொல்லி அனுப்பிவிடுங்கள்.